தலைக்கு மேல் நல்லாண்டான் குளம்

நல்லாண்டான் குளத்துத் தண்ணீர் தரையை விட்டு மேலே எழும்பி நின்ற அந்தப் பங்குனியில், உலகம்மாளும் அவள் அக்காள் ஆவுடையும் பேச்சுவார்த்தை இல்லாமல்தான் இருந்தார்கள். குளத்துக்கு மேற்குக் கரையில் வாகையூர், கிழக்குக் கரையில் நொச்சிப்பட்டி. அக்காள்தான் முதலில் நொச்சிப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள், தங்கைக்கு மாப்பிள்ளை தேடியபோது தூரத்து ஊர்ச் சம்பந்தங்களையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று அவளே தட்டிக் கழித்துவிட்டு, எதிர்க்கரையில் இருந்த சங்கரபாண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். "மச்சுல ஏறி நின்னா ஒன் வீட்டு அடுப்புப் புகை எனக்குத் தெரியணும்ட்டி" என்றாள். அப்படியே தெரிந்தது. மழைக்காலத்தில் குளம் பெருகிக் கிடக்கும்போது பஸ் ஏறி, ரோடு பிரிகிற விலக்கில் இறங்கி, இன்னொரு பஸ் மாறிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்; பங்குனியில் குளம் வற்றிவிட்டால் ஒத்தையடிப் பாதையில் நடந்தே போய் ஒருத்தி வீட்டுக் குழம்பை இன்னொருத்தி ஊற்றிக்கொண்டு வரலாம். அந்தக் காய்ந்த குளத்துக்கு நடுவில்தான் இரண்டு ஊருக்கும் பொதுவான பங்குனித் திருவிழாக் கடைகள் போடுவார்கள். ராட்டினம் வரும், வளையல் வரும், மிட்டாய் வரும், ஆவுடையும் உலகம்மாளும் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்து நடுவில் சேர்ந்துகொள்வார்கள்.

சங்கரபாண்டி நெஞ்சுவலியில் போனபிறகும் அது நிற்கவில்லை. உலகம்மாளுக்குப் பிள்ளை இல்லை. அக்காள் மகள் இந்துமதிதான் பாதி நாள் வாகையூரில் வளர்ந்தாள், சித்தி கையால் தலை வாரினால்தான் பள்ளிக்கூடம் போவாள். அந்த இந்துமதிக்குக் கல்யாணம் வந்தபோது, "சித்திதான் என்னைக் கூட்டிட்டு வந்து மணவறையில உக்கார வைக்கணும்" என்று சொல்லிவிட்டாள். உலகம்மாளும் பச்சைக்கரை போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு பெண்ணின் தோளில் கைவைத்து நடந்து வந்தாள். மணவறைக்கு அருகில் வந்ததும் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, "நீங்க இருங்கம்மா, சுமங்கலியா யாராச்சும் வரட்டும்" என்று சொல்லி, உலகம்மாளின் கையைப் பெண்ணின் தோளிலிருந்து எடுத்து, இடத்தை அடைக்கிற ஒரு பூக்கூடையை நகர்த்தி வைப்பதுபோல ஓரமாக விட்டாள். ஆவுடை பக்கத்தில்தான் நின்றாள். பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்து, தாம்பாளத்தில் நேராக இருந்த தேங்காயை மறுபடியும் நேராக்கினாள்.

உலகம்மாள் சாப்பிடாமல் ஊர் திரும்பினாள். மறுநாள் அக்காள் கல்யாணச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டாள். தங்கை மூடியைத் திறக்காமல் திருப்பி அனுப்பினாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை குளம் பெருகியது, வற்றியது. உலகம்மாள் திருவிழாப் பக்கமே போகவில்லை. அடுப்பையும் வீட்டின் பின்கட்டுக்கு மாற்றிவிட்டாள்.

அந்த வருஷம் மாசிக் கடைசியில் யாரும் கேட்காத ஒரு மழை கொட்டியது. வற்ற வேண்டிய குளம் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தது. ராட்டினக்காரர் மைதீன் பிச்சையின் லாரிகளும் கடைக்காரர்களின் வேன்களும் அதற்குள் வந்துவிட்டிருந்தன. எல்லாம் கரைமேல் வரிசையாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்த வருஷம் திருவிழா இல்லை என்று இரண்டு ஊரும் முடிவு கட்டிய வெள்ளிக்கிழமை, விடிந்து மாட்டைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் பார்த்தபோது தண்ணீர் குளத்தில் இல்லை, குளத்துக்கு மேலே இருந்தது. ஒரு மாடி வீட்டு உயரத்துக்கு எழும்பி, அதே நீளத்தில், அதே அகலத்தில், அதே ஆழத்தோடு, ஒரு சொட்டும் குறையாமல் அசைந்துகொண்டு நின்றது. மாடுகள் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு அடியில் இருந்த கோரைப்புல்லை மேயப் போய்விட்டன.

ஊரில் யார் யாரைப் பார்த்தாலும் ஒரே பழமொழியைத்தான் சொன்னார்கள்: தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. காலகாலமாகச் சொல்லி வந்த வாக்கு இப்போது கண்முன்னால் நின்றதில் அவர்களுக்கு ஒரு திருப்தி கூட இருந்தது. குளத்துக்குப் பொறுப்பான இளம் பொறியாளர் மோட்டார் சைக்கிளில் வந்து, ஏணி வாங்கி ஏறி அளந்து பார்த்துவிட்டு, நீர்மட்டம் முழுக் கொள்ளளவு, நீர் இருக்குமிடம் சற்று மேலே என்று எழுதிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். மடை வறண்டு போயிற்றே, வயலுக்கு என்ன செய்வது என்று சம்சாரிகள் இரண்டு நாள் தவித்தார்கள். பிறகு வாகையூர்க்காரர் ஒருவர் பழைய ரப்பர் குழாயைக் கம்பில் கட்டி மேலே சொருகிப் பார்த்தார், தண்ணீர் தானாக இறங்கி வாய்க்காலில் ஓடியது, மோட்டாரும் வேண்டாம் கரண்டும் வேண்டாம் என்று ஆனதும் தண்ணீர் முன்பே இப்படி இருந்திருக்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். சலவைக்காரர்கள் வேட்டிகளை மூங்கில் கழியில் மாட்டி மேலே நீட்டி அலசினார்கள். டீக்கடை மாரியப்பன் கூரையில் ஓட்டை போட்டு, மேலே ஒரு குழாயைச் சொருகி அண்டாவை நிரப்பிக்கொண்டான். நகரத்திலிருந்து படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். படத்தில் அது பச்சைத் துணி கட்டின சாமியானா பந்தல் மாதிரிதான் விழுந்தது, பார்த்த யாரும் நம்பவில்லை, அதனால் கூட்டம் சேரவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று.

அடியில் காற்று புகுந்து அடித்ததில் சேறு சீக்கிரமே இறுகிவிட்டது. லாரிகள் ஒவ்வொன்றாகக் கரையிலிருந்து இறங்கின. அந்தத் தண்ணீரின் கீழேயே, மேலே கெண்டைகள் வயிறு காட்டி நீந்த, தரையெங்கும் பச்சை வெளிச்சம் நெளிய, பங்குனித் திருவிழா வழக்கம்போலத் தொடங்கியது.

உலகம்மாள் திருவிழாவுக்காகக் குளத்தில் இறங்கவில்லை, மீனுக்காக இறங்கினாள். வாகையூர் மகளிர் குழுதான் அந்த வருஷம் குளத்து மீனைக் குத்தகை எடுத்திருந்தது, உலகம்மாள்தான் குழுவுக்குத் தலைவி. மீனெல்லாம் ஆகாயத்தில் நிற்க, வீட்டுக்குள் எவ்வளவு நாள் உட்கார்ந்திருப்பது? அவள் மாட்டுக்கொட்டகை ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், தண்ணீருக்கு அடியில் நட்டு, வீச்சுவலையின் ஓரத்தில் கம்பு கட்டி, மேலே ஏறினாள். கூட வந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் ஏணி போட்டிருந்தார்கள். தலை தண்ணீருக்குள் போனதும் திருவிழாச் சத்தமெல்லாம் அணைந்துவிட்டது. கண்ணுக்கு எதிரே ஒரு விரால் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தது. ஏணி கொஞ்சம் ஆடியது. பிறகு யாரோ பிடித்துக்கொண்டதுபோல ஆட்டம் நின்றது.

அவள் மூச்சு வாங்கத் தலையை வெளியே எடுத்தாள்.

"யாரு பிடிக்கது? நல்லா அமுக்கிப் பிடி" என்று கீழே பார்க்காமலே சொன்னாள்.

"பிடிச்சிருக்கேன். நீ ஏறு" என்றது குரல்.

உலகம்மாள் குனிந்து பார்த்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் மேல்நோக்கிப் போகாமல் வழக்கம்போலக் கீழே சொட்டியது, சொட்டின தண்ணீர் ஆவுடையின் வகிட்டில் விழுந்தது. அக்காள் முன்னைக்கு இளைத்திருந்தாள், முன்நெற்றி முடி நரைத்திருந்தது, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து, ஒரு காலை அடிக்கட்டையில் ஊன்றியிருந்தாள்.

"நீ எங்க வந்த?" என்றாள் தங்கை.

"திருவிழாவுக்கு."

"திருவிழா அங்கல்லா நடக்கு."

"ஏணி ஆடிச்சு" என்றாள் ஆவுடை. "நீ சின்னதுலயே கொய்யா மரத்துல இருந்து விழுந்தவ."

ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு ஒரு மனுஷியோடு சண்டை போட முடியாது, அவள் கையை விட்டுவிட்டால் கீழே விழ வேண்டியதுதான் என்பதால் உலகம்மாள் மறுபடி தண்ணீருக்குள் தலையை விட்டாள். வலையை விரித்தாள், இழுத்தாள், சுருக்கினாள். முதல் பாட்டம் மீனைக் கீழே தள்ளியபோது அக்காள் முந்தானையை விரித்துப் பிடித்து வாங்கிக் கூடையில் போட்டாள். இரண்டாம் பாட்டத்துக்கு ஏணியை நகர்த்த வேண்டியிருந்தது. இருவரும் ஆளுக்கொரு முனையைத் தூக்கினார்கள். வேலை நடக்கும்போது பேச வேண்டிய பேச்சு மட்டும் நடந்தது: இந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளு, முள்ளு இருக்கு பாத்து. அந்தப் பேச்சு எத்தனை வருஷம் கழித்து நடக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கூடை நிறைந்ததும் மற்ற பெண்கள் மீனை எடுத்துக்கொண்டு கரையேறினார்கள். அவர்கள் வேண்டுமென்றேதான் உலகம்மாளை விட்டுவிட்டுப் போனார்கள். ஆவுடை முந்தானையைப் பிழிந்தாள். பிழிந்து முடித்த பிறகும் பிழிந்தாள்.

"எனக்குப் பசிக்கி" என்றாள்.

"வீட்ல திங்காம வந்தியா?"

"தின்னேன். ஆனா அந்தப் பெரிய அப்பளத்தைப் பாத்ததும் பசிக்கி."

உலகம்மாள் சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் வாய் கொஞ்சம் கோணிவிட்டது, அக்காள் அதைப் பார்த்துவிட்டாள்.

முகத்தை மறைக்கிற அகலத்தில் மிளகாய்ப்பொடி தூவின அப்பளத்தை வாங்கி இந்த முனையிலிருந்து ஒருத்தியும் அந்த முனையிலிருந்து ஒருத்தியும் ஒடித்துத் தின்றார்கள். சேவுக்கடையில் கருப்பட்டி மிட்டாயும் காரச்சேவும் கலந்து வாங்கினார்கள், அப்படித்தான் தின்ன வேண்டும் என்று அவர்கள் அம்மா பழக்கியிருந்தாள். பலூன் சுடுகிற இடத்தில் ஆவுடை ஒரு பலூனையும் சுடாமல் துப்பாக்கிக்காரனின் விளக்கைச் சுட்டுவிட்டு, யாரோ சுட்டதுபோல அடுத்த கடைக்கு நடந்தாள். போகப் போக உலகம்மாளுக்குக் கால் லேசாகிக்கொண்டு வந்தது. மனசின் அடியில் மட்டும் அந்தக் கல்யாணத் தேங்காய் அப்படியே, நேராக, உட்கார்ந்திருந்தது.

மைதீன் பிச்சையின் ராட்டினத்துக்கு அந்த வருஷம் மவுசு அதிகம். அது சுற்றும்போது தொட்டிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரின் அடிப்பக்கத்தைக் கிழித்து உள்ளே போய், மீன்களுக்கு நடுவில் ஏறி, மேல்பக்கம் வெயிலில் முளைத்து, அல்லியிலைகளுக்கு மேலே ஒரு கணம் நின்று, மறுபடி முங்கி, சொட்டச் சொட்டக் கீழே வந்தன. அதில் ஏறுவதற்கென்றே ஜனங்கள் மாற்றுத்துணி கொண்டுவந்தார்கள். தீராத சளி தீர்ந்தது என்றார் ஒருவர். புருஷன் பெண்டாட்டியாக ஏறினவர்கள் முகம் சிவந்து இறங்கினார்கள். கோயில் பூசாரி தினமும் காலையில் ஒரு சுற்று போய்க் குளித்துவிட்டுத்தான் நடை திறந்தார்.

"உள்ள போகும்போது மூச்சைப் பிடிச்சுக்கிடுங்கம்மா" என்றார் மைதீன் பிச்சை, அக்காளையும் தங்கையையும் ஒரு தொட்டியில் ஏற்றிக் கம்பியை மாட்டிவிட்டு. "கண்ணை மூடிராதீங்க. மூடினா ஏறினதுக்கு அர்த்தமில்ல."

முதல் சுற்றில் உலகம்மாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். குளிர் தலையிலிருந்து பாதம்வரை ஓடியது, காது அடைத்தது, பிறகு வெயில் பட்டது. கண்ணைத் திறந்தால் குளத்தின் மேல்முகம் தகடுபோல விரிந்து கிடந்தது. ஒரு பக்கம் வாகையூர், ஒரு பக்கம் நொச்சிப்பட்டி, இரண்டுக்கும் நடுவில் இவர்கள் உட்கார்ந்திருந்த தொட்டியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஒரு கொக்கு சலித்துக்கொண்டு எழுந்து போனது.

இரண்டாம் சுற்றில் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். பச்சைத் தண்ணீருக்குள் அக்காளின் கொண்டை அவிழ்ந்து முடியெல்லாம் நாலு பக்கமும் மிதந்தது. அக்காள் இவள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, குமிழி குமிழியாக வந்து மேலே ஏறியது, ஒரு சத்தமும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும், "என்ன சொன்ன?" என்றாள் உலகம்மாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் ஆவுடை.

அடுத்த சுற்றிலும் தண்ணீருக்குள் போனதும் அக்காள் பேசினாள். இந்த முறை நிறையப் பேசினாள். கையை ஆட்டினாள், நெஞ்சில் வைத்தாள், தங்கையின் தோளைத் தொட்டாள், வாயிலிருந்து குமிழிகள் உடைந்த பாசிமணி மாலைபோல ஓடிக்கொண்டே இருந்தன. அந்தத் தண்ணீருக்குள் அவள் அழுதாளா என்பது தெரிய வழியில்லை. வெயிலுக்கு வந்ததும் மூச்சு முட்டி இருமினாள்.

"மேல வந்து சொல்லேன்" என்றாள் உலகம்மாள். "உள்ள சொன்னா எனக்கென்ன கேக்கவா செய்யி?"

ஆவுடை முகத்தைத் துடைத்தாள். கொக்கு போன திசையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"தொறக்க வேண்டிய அன்னைக்கு வாயத் தொறக்கல்ல. இன்னைக்குத் தொறந்தா தண்ணி போவுது."

உலகம்மாள் வருவது அழுகை என்றுதான் நினைத்தாள், ஆனால் சிரிப்பாக வெடித்தது. அதைப் பார்த்து அக்காளுக்கும் வெடித்தது. தொட்டி மறுபடி முங்கியது, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே முங்கித் தண்ணீரைக் குடித்து, புரையேறி, ஒருத்தி முதுகில் ஒருத்தி தட்டிக்கொண்டு, கீழே வந்தபோது நிற்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வரிசையில் நின்ற நொச்சிப்பட்டி சீதாலட்சுமி, ஆவுடையின் தெருக்காரி, மோவாயில் கைவைத்தாள். "ஏ ஆவுடை, நீதான் சிரிக்கேன்னா சரி. தாலி அறுத்துப்போட்டு இருக்கவளுக்குத் திருவிழாவுல இப்படி ஈரத்துணியோட என்ன சிரிப்பு?"

உலகம்மாளின் சிரிப்பு நின்றது. அவள் அக்காளைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த ராட்டினத்தின் இரும்புக் காலைப் பார்த்துக்கொண்டு, அன்று மணவறைப் பக்கம் நின்றதுபோலவே நின்றாள்.

"பல்லு அவளோடது, சிரிப்பும் அவளோடது" என்றாள் ஆவுடை. சத்தம் போடவில்லை, ஆனால் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. "இவ என் தங்கச்சி. எங்க வீட்ல நல்லது நடந்தா இனிமே இவதான் முன்ன நிப்பா. அது பிடிக்காதவங்க சாப்பிட வர வேண்டாம். ஒனக்கும் சிரிக்கணும்னா ராட்டினத்துல ஏறு சீதா, நல்லாத்தான் இருக்கு."

சீதாலட்சுமி வரிசையில் ஒரு எட்டு முன்னால் நகர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் ஏறினாள், சொட்டச் சொட்ட இறங்கினாள், சிரித்தாள் என்று பிறகு ஊரில் சொன்னார்கள்.

அந்தத் திருவிழா முடியும்வரை உலகம்மாள் தினமும் போனாள். ஒருநாள் மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனைப் பார்த்து ஆவுடை, இவன் அம்மா இவனைப் பெற்றதற்கு ஒரு எருமையைப் பெற்றிருக்கலாம் என்று கடைசிவரை கண்ணைப் பொத்திக்கொண்டே நின்றாள். ஒருநாள் இந்துமதியைப் போனில் கூப்பிட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் பிள்ளை சித்தி சித்தி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒன்றுமே செய்யாமல் இரண்டு பேரும் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, மேலே போகிற மீன்களுக்குத் தங்கள் சொந்தக்காரர்களின் பெயர்களை வைத்தார்கள். மீசை நீண்ட கெளுத்தி ஒன்றுக்கு ஆவுடையின் வீட்டுக்காரர் சிதம்பரத்தின் பெயர் ரொம்பப் பொருத்தமாக இருந்தது.

கடைசி நாள் சாயங்காலம், வெயில் இருக்கும்போதே, தண்ணீரின் நடுப்பக்கம் கனத்த மடிபோலத் தொய்ந்தது. யாரும் ஓடவில்லை. இறங்கப் போகிறது என்று மைதீன் பிச்சை முந்தின நாளே சொல்லி ராட்டினத்தைக் கழற்றிவிட்டிருந்தார். அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. தமுக்கு அடித்துக்கொண்டு ஒருவர் போனார்: வாகையூர் ஜனம் மேற்கே போங்க, நொச்சிப்பட்டி ஜனம் கிழக்கே போங்க, சாமான் சட்டி விட்டுப்போகாம பாத்துக்கிடுங்க. தண்ணீர் தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற கைபோல அவ்வளவு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஜனங்கள் இரண்டாகப் பிரிந்து நடந்தார்கள்.

"வாரேன்ட்டி" என்றாள் ஆவுடை.

"சரிக்கா" என்றாள் உலகம்மாள்.

அவள் மேற்கே நடந்தாள். கொஞ்ச தூரம் நடந்ததும் திரும்பிப் பார்த்தாள். அக்காள் அதே இடத்தில் நின்றாள், கையில் சேவுப் பொட்டலம், தலைக்கு மேல் தண்ணீர் கையெட்டும் தூரத்துக்கு வந்திருந்தது. அவள் கிழக்கே போக வேண்டியவள், போகாமல் நின்றாள். கூப்பிடாமல் வரமாட்டாள், வருகிறேன் என்று கேட்பதற்கு அவளுக்கு வாய் இல்லை என்பது உலகம்மாளுக்குத் தெரிந்தது. கூப்பிட வேண்டியது யார் என்பதும் தெரிந்தது. தூக்குச்சட்டியைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து அவள் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

"யக்கா" என்று கூப்பிட்டாள். "வீட்டுக்கு வா."

"மாத்துச் சேலை இல்லையேட்டி."

"என் சேலை ஒனக்கு ஆகாதா?"

"அத்தான் தேடுவாரு."

"தேடட்டும். நீ வா, தண்ணி வருது."

ஆவுடை வந்தாள். முதலில் நடந்தாள், பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அந்த வயசுக்கு ஆகாத வேகத்தில் ஓடி வந்தாள். உலகம்மாள் எதிரே போய் அவள் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் குனிந்துகொண்டே, தலைமுடி தண்ணீரில் உரச உரச, வாகையூர்க் கரையில் ஏறி மூச்சு வாங்க நின்றபோது பின்னால் குளம் ஒரு சத்தமும் இல்லாமல் தன் இடத்தில் உட்கார்ந்தது. அல்லிகள் ஒருமுறை குலுங்கி அடங்கின.

வீட்டுக்குப் போய் உலகம்மாள் மீன் குழம்பு வைத்தாள். அக்காள் தங்கையின் சேலையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். குழம்பு கொதிக்கும்போது போன் அடித்தது. எதிர்க்கரையிலிருந்து சிதம்பரம்.

"எங்கட்டி இருக்க? எல்லாரும் வந்துட்டாங்க."

"தங்கச்சி வீட்ல இருக்கேன். உறியில மோர் இருக்கு, ஊத்திச் சாப்பிடுங்க."

"எப்ப வருவ?"

ஆவுடை வாசல் வழியாகக் குளத்தைப் பார்த்தாள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அது நிறைந்து கிடந்தது.

"குளம் வத்தட்டும், வாரேன்" என்றாள்.

"அதுக்கு ஆடி ஆயிருமே. பஸ்ஸு இருக்குல்லா?"

"பஸ்ஸு இருக்கத்தான் செய்யி" என்று சொல்லிவிட்டு, போனைக் கீழே வைத்து, அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.